பச்சை விளக்கு வராத சார்ஜர்

மழை நான்கு மாதமும் எங்கள் வண்டிகளுக்கு வேலை கிடையாது. மும்பையில் டிராம்பே போகும் சாலையில் ஒரு தகர ஷெட்டுக்குள் வரிசையாக நிற்கும். படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேன்கள். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். வண்டியைக் கிளப்ப ஒரு பேட்டரி. உள்ளே விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக ஒரு பெரிய பேட்டரி. ஓடாமல் நிற்கும் மாதங்களில் அந்தப் பெரியதைச் சாகவிடாமல் வைத்திருப்பது என் பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கு மேல் எலக்ட்ரிகல் டிப்ளமா. கழுத்தில் அடையாள அட்டையோடு தாராவியில் எங்கள் சந்துக்குள் நுழையும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன்.

அம்மாவும் அதே ஷெட்டில்தான். முதலாளி சேட்டிடம் கேட்டு நான் வாங்கிக் கொடுத்த வேலை. வேன்களைத் துடைப்பது, விரிப்பு மடிப்பது, காலையில் ஷெட்டைத் திறப்பது, மாலை ஏழுக்குப் பூட்டுவது. சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும். “இத்தன வண்டியும் என் சாவிக்குள்ள கெடக்குட்டி” என்பாள்.

எங்களுடையது மூன்று கட்டச் சார்ஜர். முதல் கட்டத்தில் முழு வேகத்தில் கரண்டைத் தள்ளும். வோல்ட் பதினாலரையை நெருங்கியதும் இரண்டாம் கட்டம். வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டை மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டே வரும். எங்கள் சார்ஜரில் இதற்கு எட்டு மணி நேரம். பிறகு வோல்ட்டைப் பதிமூன்றரைக்கு இறக்கி, பேட்டரியில் தானாக வடிவதை மட்டும் ஈடுகட்டும். அது மூன்றாம் கட்டம், பச்சை விளக்கு. அந்தப் பச்சையில் மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம். ஆனால் இடையில் லைனை நிறுத்தினால், மறுபடி போடும்போது அது முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். நிறைந்த பேட்டரிக்குள் திரும்பத் திரும்பக் கரண்டை ஊற்றும்; அது சூடேறி உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றும்.

இது எனக்குத் தெரியும். அதனால்தான் மெயின் போர்டுக்குப் பக்கத்தில், அணைக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினேன். இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் மூன்றிலும். அந்த ஷெட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர்தான். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. தமிழ் வரியை யாருக்காக எழுதினேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்புவேன். எப்போது மீட்டர் வைத்துப் பார்த்தாலும் பதினாலரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். பச்சையை நான் பார்த்ததே இல்லை. சார்ஜர் மெதுவாக எடுக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது மாதம் மூடியைத் திறந்தபோது ஆறு பேட்டரிகளில் தண்ணீர் வற்றித் தகடு தெரிந்தது. பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது.

சார்ஜர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் நிதானமாக, “மேடம், ராத்திரி லைனை ஆஃப் பண்றாங்களா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“மூணு பாஷையில நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்.”

“நோட்டீஸ் இருக்கட்டும் மேடம். ஆஃப் பண்றாங்களா?”

போனை வைத்துவிட்டேன். சார்ஜரில்தான் கோளாறு என்று சேட்டுக்கு ரிப்போர்ட் எழுதத் தொடங்கினேன்.

அன்று மழையில் பஸ் ஓடவில்லை. சாலையில் முழங்கால் தண்ணீர். ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வாக்கில் ஒவ்வொரு வேனாகப் பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜரில் ஒரு குறையும் இல்லை. எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு அம்மா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்து, மெயின் ஸ்விட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள். எல்லாப் பச்சையும் ஒன்றாக அணைந்தன.

“என்னம்மா பண்ணுத?”

“பூட்டப் போறம்லா. மெயின எறக்காம எவளாவது பூட்டுவாளா? நம்ம எதுத்த சந்துல தையக்கட எரிஞ்சது மறந்துபோச்சோ?”

மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் சந்தில் மெயினை இறக்காமல் யாரும் ஷட்டரைத் தொடுவதில்லை. சின்ன வயதில் நானே ஓடிப்போய் இறக்கியிருக்கிறேன்.

“தெனமுமா?”

“ஒரு நா விட்டதில்ல. காலைல தொறந்ததும் திரும்பப் போட்டுருவேன்.”

“அங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்லாம்மா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “அது நீ எழுதுனதா? எம்மவ எழுத்து மாதிரி இருக்கேன்னு தெனமும் தூசி தட்டுதேன். ஏட்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கும்?”

காலையில் ஒன்றாக டீ குடிக்கிறோம். ஒரே அறையில் படுக்கிறோம். சொல்லியிருக்கலாம்.

புது ரிப்போர்ட் எழுதினேன். தினமும் மெயின் அணைக்கப்பட்டது, பூட்டுகிறவரிடம் நான் வாயால் சொல்லவில்லை, தவறு என்னுடையது. சேட் இரண்டு முறை படித்தார்.

“நீ படிச்ச பொண்ணு. ஒரு தப்பு வரும், கத்துக்குவ,” என்றார் ஹிந்தியில். “சாவி இனிமே கேட்ல இருக்கிற வாட்ச்மேன்கிட்ட இருக்கட்டும்.”

“சொல்லாதது நான்தான் சேட்.”

“அதான் எழுதியிருக்கியே,” என்று அடுத்த காகிதத்தை எடுத்தார். இன்னும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று அம்மா பூட்டும்வரை காத்திருந்தேன். பஸ் ஸ்டாப்பில் சொன்னேன், இந்த முறை வாயால். சாவியை நாளைக்குக் காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தாள்.

“நீ என்னத்தட்டி எழுதுன?”

“என் தப்புன்னுதாம்மா எழுதுனேன்.”

“பெறவு சாவி எதுக்கு எங்கிட்ட இருந்து போவுது?”

பஸ் வந்தது. நல்ல கூட்டம். அம்மாவுக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தாராவியில் இறங்கும்வரை அவள் சாவியை மூடிய கையைத் திறக்கவே இல்லை.