பரவாயில்லைங்க

சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, ஏணி ஏறுவதையே விட்ட பிறகும் பெயிண்டருக்குப் பெயிண்டர் என்ற பெயர்தான் நிலைத்தது. இப்போது அவருக்குப் பெயிண்ட் கடையில் காலை வேளை மட்டும் வேலை. வாடிக்கையாளர் அட்டையில் காட்டுகிற நிறத்தை மெஷினில் கலந்து, டப்பாவை ரப்பர் சுத்தியலால் தட்டி மூடி, குலுக்குகிற மெஷினில் வைத்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்ய ஒரு ஸ்டூல் உண்டு. அதில் பெரும்பாலும் முதலாளியின் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும். அதை எடுங்கள் என்று பெயிண்டர் ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்ல மாட்டார். அந்த மனுஷனிடம் உள்ள பெரிய கோளாறு இடுப்பில் இல்லை, நாக்கில். எதைக் கேட்டாலும் "பரவாயில்லைங்க" என்பார். நம் மொழியில் இந்த ஒரு சொல் செய்யாத வேலை கிடையாது. காலை மிதித்தவனுக்கும் அதுதான், ஆறிப்போன டீயைக் கொடுத்தவனுக்கும் அதுதான். காய்ச்சல் கொதிக்கும்போதும் அதைச் சொல்லலாம், காய்ச்சல் விட்ட பிறகும் சொல்லலாம். கேட்கிறவர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில் ஓடுகிற சொல் அது. அரசாங்க அலுவலகத்தில் அந்த நம்பிக்கை செல்லாது என்பது பெயிண்டருக்குத் தெரியவில்லை.

குடும்பம் மூன்று கால் முக்காலி மாதிரி நின்றுகொண்டிருந்தது. பெயிண்டரின் அரைச் சம்பளம் ஒன்று. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடியற்காலை ஷிஃப்ட் பார்க்கும் அவர் மனைவியின் சம்பளம் ஒன்று. மூன்றாவது, விழுந்ததில் வலுவிழந்துபோன அவருடைய காலுக்காக அரசாங்கம் தரும் உதவித்தொகை. அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் உதவித்தொகை நின்றுவிடும், அது விதி. இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், கரண்ட் பில் ஏறியது, எண்ணெய் ஆனை விலை குதிரை விலை விற்றது. மாதக் கடைசியில் துண்டு விழுவது போய், மாத நடுவிலேயே போர்வை அளவுக்கு விழ ஆரம்பித்தது.

"முழு நாளும் வந்துடுங்க பெயிண்டர். முழுச் சம்பளம் தர்றேன்" என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். ஒற்றைக் காலில் நிற்பதன் கஷ்டம் பெயிண்டருக்கல்லவா தெரியும்! மதியத்துக்கே இடுப்பிலிருந்து முழங்கால் வரை யாரோ கம்பியை முறுக்குவது போலிருக்கும். முழு நாள் என்றால் ஒரு மாதம் தாங்காது. நின்றுபோனால் சம்பளமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. யோசித்துச் சொல்கிறேன் என்று மென்று விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்து உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வருடாந்திரப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன வயது டாக்டர். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இப்ப கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க."

"வலி?"

"அது பாட்டுக்கு இருக்குங்க."

"நடக்க முடியுதா?"

"நடந்துதானே டாக்டர் வந்தேன்" என்று சிரித்துவேறு வைத்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து அங்கே வருவதற்குள் எத்தனை சுவரைப் பிடித்து நின்றார் என்பதை அவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

உதவித்தொகை நின்றது. கால் முன்பைவிடப் பரவாயில்லை என்று அவரே சொன்னதாகக் காரணம் எழுதியிருந்தார்கள்.

"யாராவது தன் வாயாலேயே இப்படிச் சொல்லுவாங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன். பாவம், சின்னப் பையன். அவர்கிட்ட போய் நம்ம கஷ்டத்தைக் கொட்டணுமா?"

"கொட்டுறதுக்குத்தானே கூப்பிட்டாங்க! மரியாதை வந்து வாடகை கட்டுமா?"

இந்த மூன்றாவது கால் போனால் முழு நாள் வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த வேலை தன்னைப் படுக்கையில் தள்ளிவிடும் என்பது அவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். மேல்முறையீடு செய்யலாம் என்று சலவைக்கூடத்தில் யாரோ சொல்ல, மனைவியே ஓடியாடி மனுப் போட்டாள். விசாரணை நாளன்று லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

"அந்த வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது, ஆமா" என்று பஸ்ஸில் எச்சரித்தாள்.

விசாரித்தவர் நடுத்தர வயது அம்மா. கால் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. "காலையில எழுந்திரிக்கிறதுலருந்து கடைக்குப் போற வரைக்கும் என்ன செய்வீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றார்.

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இவங்க விடியுறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவாங்க. நான் கட்டிலைப் பிடிச்சு எழுந்திருப்பேன். சாக்ஸ் போட முடியாது, குனிய வராது, அதனால செருப்புதான். குளிக்கிறதுதாம்மா கஷ்டம். விழுந்திருக்கேன். நாலஞ்சு தடவை இருக்கும். விழுந்தா உடனே எழுந்திரிக்க முடியாது. வாளியைப் பிடிச்சுக்கிட்டு, கால் வசத்துக்கு வர்ற வரைக்கும் ஈரத்துலயே கிடப்பேன். கடையில பஸ் லேட்டுன்னு சொல்லிடுவேன். இப்பல்லாம் பயந்துக்கிட்டு நிறைய நாள் குளிக்கிறதே இல்ல. துணியை நனைச்சுத் துடைச்சுக்கிட்டுப் போயிடுறேன்."

முழங்கையில் இருந்த காயத்துக்குப் பெயிண்ட் டப்பா விழுந்தது என்று அவர் சொன்னதை மனைவி நம்பியிருந்தாள். மருந்தும் அவள்தான் போட்டுவிட்டாள்.

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "முன்பின் தெரியாத அம்மாகிட்ட சொல்ல முடியுது. எங்கிட்ட சொல்ல முடியல, இல்ல?"

"நீயே பாடுபட்டுட்டு வர்ற. உனக்கு எதுக்கு இன்னொரு கவலைன்னு..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

உதவித்தொகை திரும்ப வந்தது. பணம் வந்த அன்று பெயிண்டர் நல்ல குஷியில் முதலாளியிடம் அரை நாளே போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். இன்னும் சலவைக்கூடத்தில் இருக்க வேண்டிய மனைவி சீக்கிரமே திரும்பி வந்து அடுக்களையில் நின்றாள்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"விடியற்காலை ஷிஃப்ட்டை விட்டுட்டேன். நாளையிலருந்து நீங்க கடைக்குக் கிளம்பின பிறகுதான் போவேன்."

விடியற்காலைக்குத்தான் கூடுதல் சம்பளம். உதவித்தொகை கிட்டத்தட்ட அதே அளவு. பெயிண்டர் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "உனக்கென்ன பைத்தியமா? அப்புறம் எதுக்கு இவ்வளவு அலைஞ்சு அந்தக் காசை வாங்கினோம்?"

"உங்க காலுக்குன்னு குடுத்த காசு. உங்க காலுக்கே போகட்டும்."

வாடகைக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அந்த மாதமும் துண்டு விழத்தான் போகிறது, அதில் சந்தேகமில்லை. மறுநாள் காலை அவர் குளிக்கப் போனபோது அடுக்களையில் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பயமில்லாமல் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.