கோட்டுக்கு வெளியே நின்ற செயலாளர்

கல்யாணசுந்தரத்துக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. கோயம்புத்தூரில் படித்த நாட்களில் அவர் பந்தைக் காலால் தொட்டதே அபூர்வம். இப்போது புனேயை ஒட்டிய ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். வாகடில் அடுக்குமாடி வீடு, மனைவி கிரிஜா, ஒரே மகள் ஸ்ரீவித்யா. மகள் பள்ளியில் பந்து உதைக்கத் தொடங்கியதும் சனி ஞாயிறுகளில் மைதானம் மைதானமாக அவளைக் காரில் கொண்டுபோய் விடுவார். காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அப்படித்தான் மேற்குப் புனே வட்டாரக் கால்பந்துச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார்.

சங்கம் என்று பெரிதாகச் சொல்ல அப்போது ஒன்றும் இல்லை. ஆறு கிளப்புகள், சாக்குப்பையில் பழைய பந்துகள், மழை பெய்தால் சேறாகிவிடும் ஒரு மைதானம். தலைவர் ஆரோக்கியசாமி தேஹு ரோடு ராணுவக் கிடங்கில், ஊர்ப் பேச்சில் டெப்போவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் டெப்போ அணிக்காக ஆடியவர். கல்யாணசுந்தரம் பொறுப்பேற்ற ஜூன் மாதம், தேஹு ரோடு ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"ஆட ஆளு இருக்கு சார். எடுத்து நடத்தத்தான் ஆளு இல்ல," என்றார் ஆரோக்கியசாமி.

"அத நான் பாத்துக்கறனுங்க," என்றார் கல்யாணசுந்தரம்.

பார்த்துக்கொண்டார். மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து மைதானத்துக்கு அனுமதி வாங்கினார். வாகட், ராவேத் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பேசிப் புதிய அணிகளைச் சேர்த்தார். தீபாவளி முடிந்து லீக் தொடங்கியபோது இருபது அணிகளுக்கு மேல் இருந்தன. எட்டு வயதுக் குழந்தைகளுக்குச் சிறிய கோல் கம்பங்களோடு ஞாயிறு காலை ஆட்டம், பெண்களுக்குத் தனி லீக், பயிற்சியாளர்களுக்கு வகுப்பு. முன்பெல்லாம் பந்து எங்கே போனாலும் பத்துப் பேரும் அதன் பின்னாலேயே ஓடுவார்கள். இப்போது பந்து தன்னிடம் வராதபோதும் தன் இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். ஸ்ரீவித்யாவும் இடது காலால் உதைக்கப் பழகினாள். தேஹு ரோடு பெண் ஒருத்தி கோல்கீப்பராக மாவட்ட முகாமுக்குத் தேர்வானாள். அன்று ஆரோக்கியசாமி எல்லாருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்.

ஆட்டங்கள் பெருகியதும் நடுவர்கள் போதவில்லை. பெண்கள் லீக்குக்குப் பெண்களே நடுவர்களாக இருக்கட்டும் என்பது கல்யாணசுந்தரத்தின் யோசனை. ஆரோக்கியசாமி பயிற்சி கொடுத்தார். ஒன்பது பெண்கள் தேறினார்கள். நிறைவு விழாவில் கல்யாணசுந்தரம் ஒவ்வொருத்திக்கும் விசிலும் கறுப்புச் சட்டையும் கொடுத்து, பெண்கள் கையில் அதிகாரம் வரவேண்டும் என்று ஹிந்தியில் நீளமாகப் பேசினார். மராத்திப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. பெற்றோர்களுக்கென்று ஒரு விதியையும் அவரே எழுதினார்: நடுவரை இழிவாகப் பேசுகிறவர் அந்த சீசன் முடியும்வரை மைதானத்துக்குள் வரக்கூடாது.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி மும்தாஜ். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். டெப்போ லைன் எனப்படும் டெப்போ ஊழியர்களின் குடியிருப்பு வரிசையில் வீடு. கல்யாணசுந்தரத்திடம் எல்லாரையும் போல ஹிந்தியில்தான் பேசுவாள். பேரை வைத்து, அவள் வீட்டிலும் ஹிந்தியோ உருதுவோதான் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். விசாரிக்கத் தோன்றவில்லை.

ஜனவரியில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அரையிறுதி. ஸ்ரீவித்யாவின் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவள் பந்தோடு எதிரணியின் கோல் அருகே போய் விழுந்தாள். வாகட் பெற்றோர்கள் எல்லாரும் பெனால்டி பெனால்டி என்று கத்தினார்கள். நடுவராக நின்ற மும்தாஜ் கையை அசைத்து, ஆட்டம் தொடரட்டும் என்றுவிட்டாள்.

கல்யாணசுந்தரம் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றார். பக்கத்தில் இருந்த கிரிஜாவிடம் சொல்வதுபோல, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், தமிழில் சொன்னார்:

"இதுக்கெல்லாம் விசில் ஒரு கேடா! டெப்போ லைன்ல கெடந்தத இழுத்துட்டு வந்து, சட்டை குடுத்து, விசில் குடுத்து நிறுத்தினா, நம்ம புள்ளைய மிதிக்கறத வேடிக்க பாக்குது!"

"ஏனுங்க, சும்மா இருங்க," என்று கிரிஜா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

மும்தாஜ் பந்து வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு விசில் ஊதிவிட்டு அவரை நோக்கி நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் டெப்போ லைன்தான் சார்," என்றாள் தமிழில். "கோட்டுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. ஆட்டம் நடக்கணும்."

கல்யாணசுந்தரம் பின்னால் போனார். யாரோ அவரைப் பிடித்துத் தள்ளியதுபோலக் கால்கள் தாமாகவே போயின. மிச்ச ஆட்டத்தில் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. காதுகள் சுட்டுக்கொண்டே இருந்தன. அணி தோற்றது.

காரில் ஸ்ரீவித்யா பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது தன் உடைந்த தமிழில் சொன்னாள்:

"அப்பா, என்னை யாரும் தொடவே இல்ல. நானே ஸ்லிப் ஆயிட்டேன். ரெஃப்ரீ தீதி கேட்டாங்க, நான் சொன்னேன்."

"செரி கண்ணு," என்றார்.

"நீங்க பேசினது எங்க டீம்ல ரெண்டு பேருக்குப் புரிஞ்சுது. மீனிங் என்னன்னு மத்தவங்க கேட்டாங்க. நான் சொல்லல."

அதன் பிறகு அவள் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் ஆரோக்கியசாமி போன் செய்தார். சுற்றி வளைத்துத்தான் தொடங்கினார். "நீங்க எழுதின ரூல் ஒண்ணு இருக்கு சார். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

அப்போதாவது சரியாகச் சொல்லியிருக்கலாம். "கோவத்துல வார்த்த தடிச்சுப் போச்சுங்க. பெருசு பண்ண வேண்டாம்," என்றார் கல்யாணசுந்தரம். செயலாளர் இல்லாமல் சங்கம் ஓடாது என்பது இருவருக்கும் தெரியும். ஆரோக்கியசாமி, "சரி சார்," என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரி' கல்யாணசுந்தரத்தின் மனசில் முள்ளாகத் தங்கியது. என்றாலும் பிடுங்கிப் போட முயலவில்லை. முன்னைவிட அதிகமாகச் சங்க வேலைகளில் ஓடினார். புதிய வலைகள் வந்தன, முதலுதவிப் பெட்டிகள் வந்தன. யாராவது பாராட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடுவார்.

மும்தாஜ் புகார் எதுவும் செய்யவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆட்டத்துக்கு அழைத்தால் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு அவளோடு தேறிய இன்னும் சிலரும் பரீட்சை என்றும் உடம்பு சரியில்லை என்றும் சொல்லி நின்றுகொண்டார்கள். மார்ச்சில் பெண்கள் லீக் ஆட்டங்களை நடுவர் இல்லாமல் தள்ளிவைக்க வேண்டிவந்தது.

அதே மாதம் பையன்கள் ஆட்டம் ஒன்றில் ஒரு தகப்பன், கல்லூரி மாணவனான நடுவரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கல்யாணசுந்தரம் ஓடிப்போய் விலக்கி, விதியைச் சொல்லி, மைதானத்தை விட்டு வெளியே போகும்படி சொன்னார். அந்த ஆள் சிரித்தார்.

"ரூல் எங்களுக்கு மட்டும்தானா?" என்று ஹிந்தியில் கேட்டார். "செக்ரட்டரி சாஹேபுக்குக் கிடையாதா?"

சுற்றி நின்றவர்களில் ஒருவரும் கல்யாணசுந்தரத்துக்காகப் பேசவில்லை. பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். காலர் கசங்கிய அந்தப் பையன் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோடுக்குப் போனார். காரை ஸ்டேஷன் அருகே விட்டுவிட்டு விசாரித்துக்கொண்டே நடந்தார். கதவைத் திறந்தது மும்தாஜின் அம்மா. பேரைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எங்க புள்ளைக்கு விசிலு குடுத்த சாரா! வாங்க வாங்க. பேப்பர்ல படம் வந்துச்சே, அதக் கத்திரிச்சு வச்சிருக்கோம். நாங்க திண்டுக்கல்லு பக்கம் சார். இவ தாத்தா காலத்துலயே டெப்போ வேலைக்கு இங்க வந்துட்டாங்க. நம்ம பாசை பேசுற ஆளு செக்ரட்டரியா இருக்காருன்னு இவ அத்தாவுக்கு ரொம்பப் பெரும."

மும்தாஜின் அப்பா வெளியே போயிருந்தார். கல்யாணசுந்தரம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஏலக்காய் தட்டிப்போட்ட டீயும் பிஸ்கட்டும் வந்தன. "பரீட்சைன்னு இப்ப வெளையாட்டுப் பக்கமே போறதில்ல. நீங்க சொல்லுங்க சார், நீங்க சொன்னா கேப்பா," என்றாள் அந்த அம்மாள். மும்தாஜ் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வீட்டில் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாள் தன்னை நாலு வார்த்தை திட்டி வெளியே அனுப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஸ்டேஷன் அருகே கார் நின்ற இடம்வரை மும்தாஜ் கூட வந்தாள்.

"நான் பேசினது தப்பும்மா," என்றார். "மன்னிச்சுக்கோ."

"அத்தாகிட்ட சொல்லல சார். தெரிஞ்சா எதுக்கும் வெளிய அனுப்ப மாட்டாங்க," என்றாள் அவள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ரெஃப்ரீன்னா திட்டு விழும்னு ஆரோக்கியசாமி சார் மொத நாளே சொல்லிட்டாரு. திட்டியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க திட்டல சார். எங்களப் பத்தி என்ன நெனச்சிட்டு இருந்தீங்களோ, அது வெளிய வந்துருச்சு."

இரண்டு மாதமாக அவர் தனக்குத்தானே சொல்லாமல் தவிர்த்துவந்தது அதுதான். விசிலும் சட்டையும் கொடுத்த அன்று மேடையில் அவர் நெஞ்சு நிமிர்ந்ததே, அது தருமம் செய்தவனின் நிமிர்வு.

"அங்க அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க. இங்க வந்து தனியா மன்னிப்புக் கேக்குறீங்க," என்றாள் மும்தாஜ். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் வீட்டுக்குப் போறேன் சார்."

மே மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கிளப்புக்காரர்களும் பெற்றோர்களும் நிறைந்திருந்தார்கள். அந்த வருடத்து வளர்ச்சியைக் கல்யாணசுந்தரம் திரையில் படம் போட்டு விளக்கினார். அணிகள், வயதுப் பிரிவுகள், மாவட்ட முகாமுக்குப் போனவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பெண் நடுவர்கள் ஒன்பது பேர் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது உண்மையில்லை," என்று ஹிந்தியில் சொன்னார். "இப்போது மூன்று பேர்தான் வருகிறார்கள். மற்றவர்கள் வராமல் போனதற்கு நான் காரணம்." ஜனவரியில் தமிழில் சொன்னதை, ஒரு சொல்லும் குறைக்காமல் ஹிந்தியில் சொல்ல முயன்றார். 'இது', 'அது' என்று ஒரு பெண்ணை அஃறிணையில் பேசியதை ஹிந்தியில் சொல்ல வரவில்லை. "மனுஷியைப் பொருளைப் போலப் பேசினேன்," என்றார். மூன்றாவது வரிசையில் கிரிஜா தலைகுனிந்திருந்தாள். ஸ்ரீவித்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் அந்த விதி பொருந்தும். அன்றே அதைச் செய்யவிடாமல் தடுத்ததும் நான்தான். வரும் சீசன் முழுவதும் நான் உள்ளே வரமாட்டேன். செயலாளர் பொறுப்பும் வேறொருவருக்கு."

பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கூசியது.

"கை தட்டாதீங்க," என்று ஆரோக்கியசாமி எழுந்தார். "இது தட்டுறதுக்கில்ல. அந்த ரூல இவருக்குப் போடாம, சரின்னு போன வச்சவன் நான்தான்." தலைவர் என்ற முறையில் அடுத்த சீசனிலிருந்து புதிய நடுவர் யாரும் தனியாக ஆட்டம் நடத்தவேண்டியதில்லை, மூத்தவர் ஒருவர் கோட்டருகே கூடவே நிற்பார் என்று அறிவித்தார். முதலில் நிற்கப்போகிறவர் தானே என்றார்.

மழை ஓய்ந்து அடுத்த சீசன் தொடங்கியது. கல்யாணசுந்தரம் மகளை வாசலில் இறக்கிவிட்டு, சுவருக்கு வெளியே காரில் உட்கார்ந்திருப்பார். சங்கம் அவர் இல்லாமல் நின்றுவிடவில்லை. புனேயின் கிழக்குக் கோடியான கராடியிலிருந்துகூட இரண்டு அணிகள் சேர்ந்தன. உள்ளே போகும் பெற்றோர்களில் சிலர் கை காட்டுவார்கள், சிலர் பார்க்காததுபோலப் போவார்கள். பார்க்காமல் போகிறவர்களிடம் அவருக்கு நன்றியாக இருந்தது. பத்திரிகைப் படத்தைக் கத்திரித்து வைத்திருக்கும் அந்த வீட்டை நினைக்கும்போதெல்லாம், தனியாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஸ்ரீவித்யா முழங்காலெல்லாம் செம்மண்ணோடு வந்து காரில் ஏறினாள்.

"மும்தாஜ் தீதி திரும்பி வந்துட்டாங்க. இன்னிக்கு அவங்கதான் ரெஃப்ரீ," என்றாள். "எனக்கு யெல்லோ கார்டு குடுத்துட்டாங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "எதுக்கு கண்ணு?"

"த்ரோ-இன் எங்களுக்குன்னு ஆர்க்யூ பண்ணேன். ரொம்பப் பண்ணிட்டேன் போல."

"ஸாரி சொன்னியா?"

"எதுக்கு? கார்டு குடுத்தாச்சு, முடிஞ்சுது. அப்புறம் ஆஃப் டைம்ல என் லேஸ் அவுந்து இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க." தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள். பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு, தானாகவே ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினாள். யார் பந்தைக் கொடுத்தாள், யார் தவறவிட்டாள், இடது காலால் அவள் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

வாசலில் மும்தாஜ் ஆரோக்கியசாமியோடு பேசிக்கொண்டே வெளியே வந்தாள். காரைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கல்யாணசுந்தரம் கண்ணாடியை இறக்கவில்லை. மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக வண்டியை எடுத்தார்.