அந்தப் பங்கைப் புகழ்ந்து எழுதியவன்

நான் திருப்பதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவன். சொந்த ஊர் பாலசமுத்திரம். அங்கே மாந்தோப்பில் போர்வெல் போடச் சேர்த்த பணத்தை, இணையத்தில் முதலீட்டாளர்கள் பேசிக்கொள்ளும் ஒரு தளத்தில் பலரும் புகழ்ந்த பங்கில் போட்டேன். இரண்டே வாரத்தில் விலை சரிந்தது. விற்கப் போட்டால் வாங்க ஆளில்லை.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். அதே தளத்தில் வேறொரு பெயரில், “நல்ல கம்பெனி, நான் இன்னும் வாங்கப் போகிறேன்” என்று தினமும் எழுதினேன். யாராவது வாங்கினால் நான் தப்பிக்கலாம் என்ற எண்ணம்தான். அந்த வாரம் என் பங்குகளில் கொஞ்சம் விற்றது.

அடுத்த மாதம் பலமனேரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான். கறவை மாடு வாங்க வைத்திருந்த பணம் அதே பங்கில் போய்விட்டதாம். போனை என்னிடம் நீட்டினான்.

“இவர நம்பித்தான் மாமா வாங்கினேன். தினம் எழுதிக்கினு இருந்தாரு. இப்ப ஆளயே காணோம்.”

நான் எழுதியதுதான்.

“மொகம் தெரியாதவன நம்பலாமாடா?” என்றேன்.

இப்போதெல்லாம் யார் எந்தப் பங்கைப் புகழ்ந்தாலும், இவன் எதை விற்க முடியாமல் தவிக்கிறானோ என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தோப்பு காய்ந்துவிட்டது. மச்சானிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். என் மனைவி இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள். பெயர் இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் அனுப்புகிறேன்.