கயிறு அசையும்வரை

எனக்குப் பொறுமை கிடையாது. இங்கிலீஷ் டீச்சருக்கு அது பெரிய குறை என்பது முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. கேள்வி கேட்பேன், பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் நானே சொல்லிவிடுவேன். பிள்ளைகளும் நிம்மதியாக எழுதிக்கொள்வார்கள்.

போன வருஷம் திரேஸ்புரத்தில் ஒரு மாடி அறையில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். அங்கே வந்து சேர்ந்தவர் அவர். கடலில் முங்கிச் சங்கு குளிப்பவர், நாற்பதை நெருங்கும் வயது. ஒரு காது பழுதாகிவிட்டது. இனி முங்கினால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கப்பல்களின் அடிப்பாகத்தைப் பரிசோதிக்கும் கம்பெனி ஒன்றில், படகில் நின்றபடி வயர்லெஸ்ஸில் கப்பல்காரர்களோடு பேசும் வேலை காலியாக இருந்தது. கடல் தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் இங்கிலீஷும் வேண்டும். நாலு மாதத்தில் நேர்காணல். கிடைக்காவிட்டால் மறுபடி முங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தினார். "வாட் இஸ் யுவர் ஹாபி?" என்று கேட்டால் மூச்சை இழுத்துக்கொண்டு சுவரையே பார்ப்பார். நான் பதிலைச் சொல்வேன், தலையாட்டுவார். மூன்று மாதம் இப்படியே போயிற்று. இவருக்கு மண்டையில் ஏறாது என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் எரிச்சலில் கத்தியும் விட்டேன். அவர் கோபப்படவில்லை.

"டீச்சர், நீங்க கயித்த முன்னாலயே இழுத்துருதிய," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அவர் கடலடியில் இருக்கும்போது இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை படகில் மச்சினன் கையில் இருக்கும். மச்சினனுக்கு அது கூடப்பிறந்த அக்காளின் தாலி என்பதால் வேறு யாரிடமும் அந்தக் கயிற்றைக் கொடுப்பதில்லை. எவ்வளவு பயந்தாலும், கீழிருந்து கயிறு அசையாமல் அவன் இழுக்கக் கூடாது.

"பயந்து இழுத்தாம்னா நான் வெறுங்கையோடதான் மேல வருவேன். வார்த்தையெல்லாம் அங்கன கெடக்கு டீச்சர். எடுக்கதுக்குள்ள இழுத்துருதிய."

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அது லேசான காரியமில்லை. முதல் பதில் வருவதற்குள் ஒரு டீயே குடித்திருக்கலாம். ஆனால் வந்தது, முழு வாக்கியமாக.

நேர்காணல் என் லேப்டாப்பில் நடந்தது. மும்பையில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நான் கேமராவில் படாமல், திரை தெரியும்படி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஊர், குடும்பம் எல்லாம் கேட்டு முடித்தவர், கடலடியில் சங்கை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். நாங்கள் பழகிப் பார்க்காத கேள்வி. இவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "ஹலோ, கேட்கிறதா?" என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டுவிட்டார். என் நாக்கு துறுதுறுத்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன், பொய்யில்லை.

"சங்கு வாக்கிங், சார். ஸ்லோலி வாக்கிங். சேண்ட்ல ஒன் லைன். ஐ ஃபாலோ தி லைன். லைன் ஃபினிஷ், சங்கு தேர்."

தண்ணீர் கலங்கியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றார் அதிகாரி.

மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டார். "தென் நோ ஐஸ், சார். மை ஹேண்ட் இஸ் மை ஐஸ்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் கேட்டதெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் அவரும் காத்திருந்தார். கடைசியில், திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிடுங்கள் என்றார்.

இவர் வீட்டுக்குப் போன் போட வெளியே ஓடினார். நான் எழுந்திருக்கவில்லை. இந்தக் கடலுக்குப் பத்துத் தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள் நான். சங்கு நடக்கும், மணலில் தடம் விட்டுப் போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவும், நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில்.