திங்கட்கிழமைச் சத்தம்

என் வீட்டுக்காரர் வாலண்டைனுக்கு ஐம்பத்தோரு வயது. தம்போயில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு வொர்க்‌ஷாப் வைத்து, டர்போ கார்களை முடுக்கிவிடும் டியூனிங் வேலை செய்கிறார். அதற்கு முன் பதினெட்டு வருஷம் தொழிற்சாலையில் டிவி போர்டுகளுக்கு ஈயம் வைத்தவர். அவருக்குப் பாம்புக் காது. சாலையில் போகிற காரின் சத்தத்தை வைத்தே எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

ஏழு வாரத்துக்கு முன்னால் எங்கள் சொந்தக் காருக்கே ஒரு பெட்டியை மாட்டினார். பிக்கிபேக் என்கிறார்கள். காரோடு வந்த கம்ப்யூட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, டர்போவின் காற்றழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் அழுத்தம் கொடுக்கும். கார் பறக்கும். அதாவது, அது பொய் சொல்லும் பெட்டி. பொய் சொல்ல ஏன் இவ்வளவு படிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் காரில் சரியாக வந்த பிறகுதான் அதே அளவை வாடிக்கையாளர் கார்களுக்குப் போடுவார்.

சரியாக வரவே இல்லை. வெள்ளிக்கிழமை வழுக்கிக்கொண்டு ஓடிய கார், திங்கட்கிழமை மிதித்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் போட்டது. இப்படியே விட்டால் பிஸ்டன் உடையும் என்றார். லேப்டாப்பைத் திறந்து எண்களை மாற்றுவார். வியாழன் வாக்கில் சரியாகும். மறு திங்கள் பழையபடி. சென்சாரை மாற்றினார், வயரைப் பிரித்துக் கட்டினார், நான் ஆயர் ஈத்தாமில் வாங்கிவந்த பூச்சட்டிகளைக்கூட காரிலிருந்து இறக்கிவைத்தார். பூச்சட்டி என்ன பாவம் செய்தது?

மூன்றாவது வாரம் ஒரு நாள், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடியே கேட்டார்.

"லூசி, வெள்ளிக்கிழம நம்பரெல்லாம் மாத்திட்டு சேவ் பண்ணேன்தானே?"

"பண்ணீங்க. நாந்தான் பக்கத்துல இருந்தேனே."

"எனக்கு ஞாபகம் இல்ல."

அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் மறதி தொடங்கியது. கடைசியில் பெற்ற மகனையே யார் என்று கேட்டார். அன்றிலிருந்து வாலண்டைன் செய்வதையெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதியதையும் நம்பவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் வாடிக்கையாளர் அட்ரியன் தன் காரைக் கொண்டுவந்தபோது, தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்.

"ஏன் அங்கள்? நீங்கதானே செஞ்சி தரேன்னீங்க."

"என் தல சரியில்ல லா. ஒன் இஞ்சின ஒடச்சிட்டா?"

ஞாயிறுதோறும் அந்தக் காரை நான்தான் காஹாங்குக்கு ஓட்டிப்போவேன். என் அக்கா ஸ்டெஃபனி அங்கே இருக்கிறாள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் வாடிக்கையாளர் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வொர்க்‌ஷாப்புக்கு வருவார்கள் என்பதால் இவர் வரமாட்டார். அக்காவோடு பூசை கண்டு, இவர் தலைக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, கொஞ்சம் அழுதுவிட்டுத் திரும்புவேன். மறுநாள் காரில் அதே சத்தம். மாதாவிடம் சண்டை போடலாமா என்றுகூடத் தோன்றியது.

போன திங்கட்கிழமை மத்தியானம் லேப்டாப்பை என் மடியில் வைத்து, திரையில் வரும் எண்களைப் படிக்கச் சொல்லிவிட்டு ஓட்டினார். சத்தம் வந்தது. காரை ஓரமாக நிறுத்தினார்.

"இன்னையோட போதும். கடைய மூடிட்டு சிங்கப்பூர்ல செக்யூரிட்டி வேலைக்குப் போறேன். கேட்டத் தொறந்து மூட தல வேணாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தப் பாழாப்போன பொட்டிக்காகவா? இந்தக் காருக்கு நான் என்னா கொறை வெச்சேன்? நேத்துகூட வர்ற வழியில ஆயர் ஈத்தாம்ல டேங்க் நெறைய ஊத்திட்டுத்தான் வந்தேன். காலையில நீங்க வரிசையில நிக்க வேணாம்னு."

அவர் என் பக்கம் திரும்பினார். "எது ஊத்துன?"

"மஞ்சள் பம்ப்தான். தொண்ணூத்தஞ்சு. என் ஐசி கார்டக் காட்டுனா கவர்மெண்டு வெலையில மலிவா தராங்க, கோட்டா சும்மாதானே கெடக்குது."

"இந்த அழுத்தத்துக்கு அந்தப் பெட்ரோல் தாங்காது, இனிமே தொண்ணூத்தேழுதான் போடணும்னு சொன்னேன்ல?"

சொன்னார். அந்தக் காரைப் பற்றி ஐம்பது விஷயம் சொன்னார், அதில் இதுவும் ஒன்று. மிதித்து ஓட்டுகிற அவருக்குத்தான் அது என்று நினைத்தேன். நான் மாட்டுவண்டி வேகத்தில் போகிறவள், எனக்கு மஞ்சள் போதாதா? மிச்சம் டேங்கில் கிடக்கும், மறுநாள் அவர் மிதிப்பதும் அதே பெட்ரோலைத்தான் என்று என் மூளைக்கு எட்டவில்லை. அது தீர்ந்து அவர் தொண்ணூற்றேழு ஊற்றிய பிறகுதான் வியாழன் வாக்கில் சரியாகியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றினாயா என்று அவரும் ஒரு தடவை கேட்டார். ஊற்றினேன் என்றேன். எது என்று கேட்கவில்லை.

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

இவர் தலைக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, திரும்புகிற வழியில் நானேதான் அந்தத் தலையைக் குழப்பியிருக்கிறேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அலமாக், லூசி. அப்ப என் தலைக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லங்க."

"எது ஊத்துன?"

"மஞ்சள்தாங்க."

"இன்னொரு தடவ சொல்லு, கேக்க நல்லாருக்கு," என்றார்.