நாரிஸின் குளத்துக்குக் குளிரெடுத்தது

நாரிஸ் தாக்ரே முப்பது வருஷம் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுத் தோட்டத்தில் பள்ளம் தோண்டி, கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஆறு தங்கமீன்களை விட்டார். மீனுக்கு ஏதாவது ஆனால்கூடத் தாங்கிக்கொள்வார். விரிப்பில் கீறல் விழுந்தால் தாங்கமாட்டார்.

டிசம்பரில் கடுங்குளிர் வரப்போவதாக ரேடியோ சொன்னதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் உறைந்தால் பருக்கும். பருத்தால் விரிப்பை நெருக்கித் தள்ளும். அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு பந்தை மிதக்கவிட்டார். ஒன்று போதாதென்று தோன்றவே, ஏழாக்கினார். கரையில் வெளியே தெரிந்த ரப்பரைக் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு போர்த்தினார்.

"என்ன நாரிஸ், குளத்துக்குக் காய்ச்சலா?" என்றாள் பக்கத்து வீட்டு பெரில், வேலிக்கு மேலே தலையை நீட்டி.

"சிரிக்காத பெரில். ஆறு மாசக் குழந்தை அது."

உள்ளே மனைவி கிளெனிஸ் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். "என் கம்பளி அங்கி எங்கப்பா?"

"மேற்குக் கரையில இருக்கு, கண்ணு."

அங்கியும் போதவில்லை. பரணில் ஏறி, குளிருக்காகத் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றியிருந்த பஞ்சு உறைகளையும் உருவி வந்தார்.

கடுங்குளிர் தொடங்கிய மூன்றாம் நாள் காலை அது சற்று இளகியது. சமையலறைக் கூரையிலிருந்து கிளெனிஸின் ரொட்டிமேல் தண்ணீர் சொட்டியது. பிறகு கொட்டியது.

"குழாய் வெடிச்சிருச்சு! நீ எங்க ஓடுற?"

"விரிப்பைப் பாத்துட்டு வந்துடறேன்!"

விரிப்பில் ஒரு கீறல்கூட இல்லை. பூரித்துப்போய்த் திரும்பியவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பிளம்பருக்குப் போன் செய்தார்.

பிளம்பர் பரணிலிருந்து இறங்கினார். "குழாயில உறையே இல்லியே. யாரு கழட்டினது?"

நாரிஸ் தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்வையைப் புதைத்தார்.

"குளத்துக்குக் குளிருச்சாம்," என்றாள் கிளெனிஸ்.

பிளம்பர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் போய்க் குளத்தைப் பார்த்தார்.

"ஏழு பந்தா போட்டீங்க?" அவர் விரல்விட்டு எண்ணினார். "எங்க வீட்டுக் குளத்துல ஒண்ணுதான் போட்டுட்டு வந்தேன். போதாதோ?"

"விரிப்பு ரப்பரா, பிளாஸ்டிக்கா?" என்றார் நாரிஸ், கோப்பையை வைத்துவிட்டு.

"ரப்பர்."

"வாங்க, காட்டறேன்."

இருவரும் தோட்டத்துக்குப் போய்க் குளத்தருகே மண்டியிட்டார்கள். கிளெனிஸ் கூரை ஒழுகிய இடத்துக்கு நேர்கீழே இன்னொரு பாத்திரத்தை வைத்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, நாரிஸின் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துத் தின்றாள்.