பெரிய அம்மனுக்கு எட்டாத சேலை

எனக்கும் அக்காவுக்கும் ஒரே பந்தலில் கல்யாணம். அவளை ஆரணிக்குக் கொடுத்தார்கள். என்னை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன ஊருக்கு. இரண்டு வீட்டிலும் பட்டுத் தறிதான். ஆனாலும் அவளுக்கு வாய்த்தது டவுன். பஸ் ஸ்டாண்டும் சினிமாக் கொட்டகையும் அவளுக்குக் கூப்பிடு தூரம். சின்ன வயதிலிருந்தே அவள் கட்டிக் கழித்ததைத்தான் நான் கட்டினேன். தீபாவளிக்குக்கூட அவளுக்குப் புதுப் பாவாடை, எனக்கு அவளுடைய போன வருஷத்துப் பாவாடை. அந்த வயிற்றெரிச்சல் கல்யாணத்துக்குப் பிறகும் அடங்கவில்லை.

எனக்குப் பிடித்த பேச்சு என் மாமனாருடையது. ஒரு காலத்தில் எங்கள் ஊர்தான் பெரிய பட்டணமாம். கோட்டையும் குதிரைச் சந்தையும் இங்கேதானாம். ஆரணிக்காரர்கள் உப்பு வாங்கக்கூட இங்கே வருவார்களாம். நான் வாழ வந்தபோது மிச்சமிருந்த கோட்டைச் சுவரில் எருமைகள் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தன. இருந்தாலும் தனிப் பேரூராட்சி, வேளாவேளைக்கு ஊதும் தனிச் சங்கு, தனி ஆடித் திருவிழா. அக்கா வரும்போதெல்லாம் அந்தச் சுவரைக் காட்டாமல் நான் அவளை அனுப்பியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரை ஆரணி நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பேரூராட்சிப் பலகை இறங்கியது, சங்கு நின்றது, பட்டணமாக இருந்த ஊர் ஒரு வார்டு ஆனது. "இனிமே நீயும் ஆரணிதானேடி" என்று அக்கா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆடிக்கு எங்கள் அம்மனுக்குச் சேலை நெய்யும் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு வீடாகத் தெருவைச் சுற்றி வரும் முறை அது. அக்காவிடம் இல்லாத ஒன்று என்னிடம் உண்டென்றால் அது இதுதான். அம்மன் சேலை நெய்கிற பாவில் மனுஷர் கட்டும் சேலையை நெய்யக் கூடாது. அதற்கென்று தறியில் நீளவாக்கு நூலை அளந்து தனிப் பாவு போடுவோம். எங்கள் அம்மன் உட்கார்ந்த கோலத்தில் இருக்கும் சின்ன அம்மன். பாதிச் சேலை நீளம் அவளுக்குப் போதும். பாவும் அந்த அளவுக்குத்தான்.

பாவு தறியில் ஏறிய பிறகு ஆரணிப் பெரிய மனுஷர்கள் கூடிப் பேசினார்கள். ஊர் ஒன்றாகிவிட்டதால் திருவிழாவும் ஒன்றுதானாம். சேலையை முதலில் ஆரணிப் பெரிய அம்மனுக்குச் சாத்திவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் அம்மனுக்குத் தருவார்களாம். அதைச் சொல்ல வந்தவளும் அக்காதான்.

"எங்க அம்மன் பழசக் கட்டணுமா?" என்றேன்.

"அக்கா கட்னத தங்கச்சி கட்றது புதுசா? இன்னாடி, நீ கட்டிகினு வளரலயா?"

அவள் போனதும் என் வீட்டுக்காரர் தறியைப் பார்த்தார். "பெரிய அம்மன் நின்னுகினு இருக்கிற அம்மன். இது பத்தாதே. போய்ச் சொல்லட்டா?"

"அளவு யாராவது கேட்டாங்களாங்க?"

"கேக்கல."

"அப்ப நெய்ங்க."

வெள்ளிக்கிழமை பூசாரி சேலையைப் பெரிய அம்மன் இடுப்பில் சுற்றினார். முன்பக்கம் வந்ததும் சேலை தீர்ந்துவிட்டது. அவிழ்த்து மறுபடி சுற்றினார். மறுபடியும் அங்கேயே நின்றது. முன்வரிசையில் நின்றிருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலமே சேலை யாரும் கட்டி முடிக்காத புதுச் சேலையாக எங்கள் அம்மனுக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் முறையை அக்கா தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். முழு நீளச் சேலை. பெரிய அம்மன் ஒரு வாரம் கட்டிய பிறகு, கரையில் மஞ்சள் கறையோடு எங்கள் அம்மனுக்கு வந்தது. பூசாரி அதை இரண்டாக மடித்துச் சாத்தினார். எங்கள் அம்மன் முகம் வாடும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். புதுசு கட்டிய அன்றைக்கு எப்படிச் சிரித்தாளோ, அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எனக்கு அக்காமேல் பொறாமை வரவில்லை. எங்கள் அம்மன்மேல்தான் வந்தது.